என்ன முறை?

சீன மொழி படிக்கிறேன் என்று சொன்னால் செங்கல்பட்டில் மூன்று கேள்விகள் வரும். சீனாவோடு வியாபாரம் ஏதும் உண்டா? பிள்ளை அங்கே மருத்துவம் படிக்கிறானா? ஓய்வு பெறப்போகிற வயதில் உனக்கு இது எதற்கு? முதல் இரண்டுக்கும் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். மூன்றாவது கேள்விக்கான பதிலை இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப் போட்டு வந்திருக்கிறேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எல்லாம் ஓர் எரிச்சலில்தான் தொடங்கியது. சாவ் ஸுவேச்சின் எழுதிய ‘சிவப்பு மாளிகைக் கனவு’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, யாங் சியன்யீ – கிளாடிஸ் யாங் தம்பதியர் செய்தது, மூன்று தடித்த தொகுதிகளாக ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனத்தின் ஒரு பெருங்குடும்பம் மெல்லச் சரிவதைச் சொல்லும் கதை. 120 அத்தியாயங்கள்; அவற்றில் முதல் 80 மட்டுமே சாவ் ஸுவேச்சினுடையவை என்பது பொதுவான கருத்து. மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி என்று வீடு நிறைய மனிதர்கள். ஆனால் ஆங்கிலத்தில் பாதிப் பேர் ‘கசின்’, மீதிப் பேர் ‘ஆன்ட்டி’. அண்ணனா தம்பியா, தாய்வழியா தந்தைவழியா, ஒன்றும் பிடிபடவில்லை. உறவு சொல்லி அழைத்துப் போக ஆளில்லாமல் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் வெளியூர்க்காரனைப் போல நாவலின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சீன இலக்கியம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இலங்கையின் கே. கணேஷ் லூ சுன்னைத் தமிழுக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால், சி. மோகன் ‘ஓநாய் குலச்சின்ன’த்தை மொழிபெயர்க்காமல் இருந்திருந்தால், எனக்கு அந்தத் திசையில் நாட்டமே பிறந்திருக்காது. ஆனால் உறவுச் சொற்கள் நிறைந்த இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்து ஒன்று இருந்து, எல்லாப் பண்டங்களையும் அதன் வழியாகவே கடத்த வேண்டும் என்றால், சில சாமான்களைக் கழற்றித்தான் எடுத்துப்போக வேண்டியிருக்கும்.

அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு போன ஒருவரைப் படித்ததுதான் துணிச்சல் தந்தது. பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன், இந்திய வெளியுறவுப் பணியில் பெய்ஜிங்கில் இருந்தவர். 2004இல் ‘சீன மொழி – ஓர் அறிமுகம்’ எழுதினார். 2012இல் ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்ற தலைப்பில், 305 பாடல்கள் கொண்ட சீனத் தொல்தொகையான ஷிஜிங்கிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை நேரடியாகத் தமிழாக்கினார். சங்கப் பாடல் படித்தவனுக்கு அந்தப் புத்தகம் அயலூர் அல்ல. 2013ஆம் ஆண்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் எழுத்தை வரைந்தேன்.

மாண்டரின் என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்குதான். மந்திரி என்ற வடசொல் மலாய்க்குப் போய், போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ‘மாண்டரின்’ ஆகியது. சீனர்கள் அதைப் ‘புதொங்ஹுவா’, பொதுப்பேச்சு, என்கிறார்கள். அதன் மெல்லிய பகரமும் தகரமும் நம் ‘பல்’லிலும் ‘தலை’யிலும் வருபவைதாம். ஆங்கில எழுத்தைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ‘பி’, ‘டி’ என்று அதிரச் சொன்னால்தான் தப்பு. மனிதன் என்பதற்கான சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ழகரம் நமக்கு மட்டுமே உரியது என்று மேடைகளில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சிக்கல் தொனியில் இருந்தது. ஒரே ‘மா’வை நான்கு விதமாக ஏற்றி இறக்கினால் அம்மா, சணல், குதிரை, வசவு என்று நான்கு பொருள். நம் பழந்தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறிக்கும் என்பது ஒரு தற்செயல். இதை வைத்து யாரும் மொழிக்குடும்ப ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். என் காதுக்கு நான்கும் ஒன்றாகவே கேட்டன. ஆறு மாதம் கழித்து, மொட்டை மாடியில் கொளவாய் ஏரிப் பக்கம் பார்த்துச் சத்தமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் “தாத்தா ஏன் ஆட்டைக் கூப்பிடுறாரு?” என்று தன் அம்மாவைக் கேட்டான்.

ஆனால் உறவுச் சொற்களில் எனக்குக் கதவு தானே திறந்தது. கெகெ அண்ணன், திதி தம்பி, ஜியேஜியே அக்கா, மேய்மேய் தங்கை. தந்தையின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷூ. தாயின் உடன்பிறந்தான் ஜியூஜியூ. தந்தையின் உடன்பிறந்தாள் கூகூ. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை. ஆங்கிலம் ‘அங்கிள்’ என்று ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிய மூவரும் அவிழ்த்துக்கொண்டு அவரவர் திண்ணையில் போய் அமர்ந்தார்கள்.

அகராதியும் பழைய ஆங்கிலத் தொகுதியும் பக்கத்தில் இருக்க, இரவுக்கு அரைப் பக்கம் என்று நாவலைத் தொடங்கினேன். இருபதாம் அத்தியாயத்துக்கு வந்து சேர நான்காண்டுகள் ஆயின. அங்கே ஓர் இடம். நாயகன் பாவ்யூ. அவன் மனம் கலந்தவள் தாய்யூ. வீட்டில் பாவ்சாய் என்று இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளோடு அவன் சிரித்துப் பேசியதில் தாய்யூவுக்குக் கோபம். அவளைச் சமாதானப்படுத்த அவன் சொல்லும் வாதம் காதல் வாதமே அல்ல, உறவுமுறை வாதம். நீ என் அத்தை மகள், அவளோ தாயின் சகோதரி மகள், முறைப்படி நீதான் எனக்கு நெருக்கம் என்கிறான். ஆங்கிலத்தில் இதே இடத்தைக் கடந்தபோது கணக்குப் போல் இருந்தது. மூலத்தில் படித்தபோது மாயவரத்து மாமன் மகனின் குரல் கேட்டது.

இன்னொன்றும் இருந்தது. அங்கே அவன் பயன்படுத்தும் ‘நாம்’ சாதாரண ‘வோமென்’ அல்ல, ‘ஸான்மென்’. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வதற்கென்றே வடசீனப் பேச்சில் உள்ள சொல். நமக்கு நாம், நாங்கள் என்ற வேறுபாடு இருப்பதுபோல. ஊடலில் முகம் திருப்பி நிற்பவளிடம் அந்த ஒரு சொல்லால் அவன் கதவைத் தட்டிவிடுகிறான். ஆங்கிலத்தின் ‘வீ’யால் அது முடியாது. நான்காண்டு உழைப்புக்கு இந்த ஒரு சொல் போதும் என்று அன்றிரவு தோன்றியது.

இதற்கிடையே வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவுக்கு 2015 வாக்கில் மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. ஆனால் பெயர் போனபிறகும் முறை நின்றது. வாசலில் யார் வந்தாலும், “இவுங்க நமக்கு என்னா முறை?” என்று கேட்பார். சொல்லிவிட்டால் முகம் தெளிந்துவிடும்.

1987இல் சீனத் தொலைக்காட்சி இந்த நாவலை 36 பகுதிகளாக எடுத்தது. காதைப் பழக்குவதற்காக மாலையில் அதைப் போட்டுப் பார்ப்பேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஒரு சொல் புரியாது. ஆனாலும் பார்ப்பார். ஒவ்வொரு முகம் வரும்போதும் அதே கேள்வி. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். இந்தக் கிழவி அவனுக்கு அப்பாயி. இவள் பெரியப்பா வீட்டு மருமகள். இவள் அத்தை பெண், தாய் இல்லாமல் இங்கே வந்து வளர்கிறாள். அம்மாவுக்காகச் சொல்லப்போய் எனக்கே குடும்பம் முழுதும் பிடிபட்டது. ஆங்கிலத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த, உறவு சொல்லி அழைத்துப்போகும் ஆள், பக்கத்து நாற்காலியிலேயே இருந்திருக்கிறார்.

“அத்தை பொண்ணை எதுக்குடா தங்கச்சின்னு கூப்புடுறான்?” என்று ஒருநாள் கேட்டார். சீனத்தில் அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் தாயின் சகோதரி பிள்ளைகளும் ‘பியாவ்’ என்ற ஒரே வகை. எல்லோரும் அண்ணன் தங்கை என்றே அழைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குள் மணமும் அந்தக் காலத்தில் உண்டு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்தான் ‘தாங்’, அவர்களோடு மணமில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா திரையில் ஆழ்ந்துவிட்டார். பாவ்யூவுக்கும் பாவ்சாய்க்கும் மணம் என்ற கட்டம் வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். “பெத்தவளோட கூடப் பொறந்தவ பொண்ணு. இவன்விடப் பெரியவ. அக்காடா அவ! அக்காவைக் கட்டி வெக்கிறாங்களே, பாவிங்க!”

எந்த விமரிசகரும் எனக்குச் சொல்லித்தராத வாசிப்பு அது. சாவ் ஸுவேச்சினுக்கு இரு பெண்களும் மணமுறைதான். இன்றைய சீனத்தில் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பின் இருவருமே முறையல்லர். தமிழ்க் கிழவி ஒருத்திக்கு மட்டுமே ஒருத்தி முறைப்பெண், மற்றவள் அக்காள். மூலமொழியில் படித்தால் மூல ஆசிரியன் கண்டதை அப்படியே காணலாம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாம் எங்கிருந்து வந்து பார்க்கிறோம் என்பதுதான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பேசிப் பழக ஆள் கிடைக்காத குறைக்கு மாமல்லபுரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2018இல் ஒருமுறை, வெண்ணெய் உருண்டைப் பாறை அருகே ஒரு சீனக் குடும்பத்தைக் கண்டேன். மூத்த அம்மையாரிடம் போய், தயவுசெய்து ஒன்று கேட்கலாமா என்ற பொருளில் ‘ச்சிங் வென்’ என்றேன். கடைசித் தொனி கீழிறங்க வேண்டும். நான் தாழ்த்தி வளைத்துவிட்டேன். தயவுசெய்து முத்தமிடுங்கள் என்று பொருளாகிவிட்டது. அவர் கணவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் விலகி ஓடின. அம்மையார் சிரிக்கவில்லை. விரலால் காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை தலையசைத்தார். பிறகு உடன் வந்த முதியவளைக் காட்டி, இவர் எங்கள் கூகூ என்றார். “அத்தை,” என்றேன் தமிழில். அவரும் “அத்தை” என்றார், கீழிறங்கும் தொனியோடு.

அடுத்த ஆண்டு 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதே கற்களின் நடுவே நடந்தார்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் தலைவர்களைப் பார்த்தார்கள். நான் அவர்களோடு ஒட்டி நடந்த மொழிபெயர்ப்பாளர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராஜசிம்மப் பல்லவன் 720ஆம் ஆண்டு தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீன ஆவணங்கள் சொல்கின்றன. அந்தக் குழுவிலும் இரு மொழி தெரிந்த ஒருவன் இருந்திருக்கத்தானே வேண்டும். அவன் பெயர் கல்லில் இல்லை. ஏதோ துறைமுகத்தில் யாரோ ஒரு மாலுமியிடம் தொனி தவறிச் சிரிப்புக்கு ஆளாகித்தான் அவனும் கற்றிருப்பான்.

அம்மாவின் மறதி அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. 2020இல் ஒரு காலை, காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, மரியாதையோடு, “நீங்க எனக்கு என்னா முறை ஆவணும்?” என்று கேட்டார். வாழ்நாளில் அவர் என்னை ‘நீங்க’ என்று சொன்னது அதுவே முதல்முறை. டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

சீனப் பாடநூல்களின் முதல் பாடம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இவர் யார்? இவர் என் அம்மா. நீ யார்? நான் அவர் மகன். ஐம்பது வயதுக்கு மேல் அதை நூறு முறை எழுதியிருக்கிறேன், மறந்திருக்கிறேன், மறுநாள் திரும்ப எழுதியிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்து, “மகன் முறை,” என்றேன்.

சற்று யோசித்தார். “அப்போ சாப்ட்டுட்டுத்தான் போவணும்,” என்றார்.

அதன் பிறகு பத்து மாதங்கள், அநேகமாகத் தினமும், அந்தப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். 2021 தை மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். நாவலில் இப்போது நாற்பத்து இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். புதிதாக யாரேனும் வாசல் தாண்டி வந்தால், அகராதியைத் திறப்பதற்கு முன், பக்கத்து நாற்காலிக்கு முறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.