ஒலுவிலின் குப்பி வகுப்புகள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் காலை ஏழரைக்கு ஏறினால் இருக்க இடம் கிடைப்பது அரிது. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பிள்ளைகள் ஏறுவார்கள். முதுகில் பை, கையில் சோற்றுப் பார்சல், காதில் இயர்போன். நிந்தவூர் தாண்டியதும் வீடுகள் குறைந்து வயல்வெளி வரும். களியோடைப் பாலத்தில் ஏறும்போதே கடற்காற்று யன்னலால் உள்ளே வந்துவிடும். "கம்பஸ் இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க" என்று நடத்துநர் சத்தம் வைப்பார். ஒலுவிலில் பஸ் பாதிக்கு மேல் காலியாகிவிடும்.

இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. அது போர்க்காலம். வந்தாறுமூலைக்குப் போய்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களின் படிப்பு நடுவழியில் நின்றிருந்தது. அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் விடாப்பிடியான முயற்சியால்தான் இந்தக் கரையில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அகதி நிலையில் பிறந்த அந்த நிறுவனத்தில் இன்று தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், தெற்கிலிருந்தும் வடமத்தியிலிருந்தும் வரும் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கலை, முகாமைத்துவம், இஸ்லாமிய கற்கைகள், பொறியியல், தொழில்நுட்பம் எல்லாம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் கரையிலிருந்து உள்ளே, சம்மாந்துறையில்.

உயர்தரப் பரீட்சை முடிவும் வெட்டுப்புள்ளியும் வெளிவந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். கொழும்பு கிடைத்ததா, பேராதனை கிடைத்ததா, யாழ்ப்பாணமாவது கிடைத்ததா என்று கேட்பார்கள். ஒலுவில் என்றால் ஒரு கணம் மௌனம். அந்த மௌனம் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பங்கிடப்படும் இடங்களில் ஒன்றைப் பிடிப்பதற்கு அந்தப் பிள்ளை எத்தனை இரவு விழித்திருக்கும்? உயர்தரத்தில் தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லாத நாடு இது.

பழைய பல்கலைக்கழகங்களுக்குப் பெயர் இருக்கிறது, பெயர்பெற்ற பேராசிரியர்களின் வரிசை இருக்கிறது, உயர் பதவிகளில் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். முப்பது வயதான ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவை சேரக் காலம் எடுக்கும். அதுவரை அதைத் தாங்கி நிற்பது எது? அங்கே வருகைதரு விரிவுரையாளராகப் போய்வந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பதில், குப்பி வகுப்பு.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குப்பி என்பது இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். பரீட்சை நெருங்கும்போது ஒரு சீனியரோ, அதே பேட்ச்சில் பாடம் நன்றாக விளங்கிய ஒருவரோ மற்றவர்களை இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பார். காசு இல்லை, வரவு இடாப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. பாடசாலையில் தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு, கம்பஸில் திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்கு முதல் வருடத்தைக் கடக்க உதவுவது பெரும்பாலும் இதுதான்.

அப்படி ஒரு வகுப்பை அஸர் தொழுகைக்குப் பிறகான நேரத்தில் ஒரு வெறும் மண்டபத்தில் நின்று பார்த்தேன். முகாமைத்துவ பீடத்து மூன்றாம் வருட மாணவி ஒருத்தி. தகப்பன் வயல் செய்கிறவர். பாடம் நியம விலகல். விரிவுரைக் குறிப்பில் இருந்த உதாரணம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் மின்குமிழ்களைப் பற்றியது. அவள் அதைத் தொடவே இல்லை. பலகையில் இரண்டு சதுரம் கீறினாள்.

"ரெண்டு வயல். ரெண்டுலயும் ஏக்கருக்குச் சராசரி முப்பது மூடை. ஒண்டுல மூணு வருசமும் இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்டு. மத்ததுல பதினைஞ்சு, முப்பது, நாப்பத்தஞ்சு. நீங்க எதைக் குத்தகைக்கு எடுப்பீங்க?"

பின்வரிசையில் இருந்த பொலன்னறுவைப் பையன் முதலில் கையுயர்த்தினான். பாதித் தமிழ், பாதிச் சிங்களத்தில், முதல் வயல்தான் என்றான். பதினைந்து மூடை விழுகிற வருடத்தில் உரக்கடனை எப்படிக் கட்டுவது என்று கேட்டான். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. சிதறலை ஏன் அளக்க வேண்டும் என்பது அங்கேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பிறகுதான் கணக்கு. முதல் வயலுக்கு விலகல் ஒன்று, இரண்டாவதுக்குப் பதினைந்து. "ராத்தா, மூணு கணக்கு இருக்க ஏன் ரெண்டால வகுக்கிறீங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். நான் படித்த காலத்தில் நாங்கள் கேட்காமலே மனனம் செய்த இடம் அது. "இடையை நாமளே இந்த மூணுல இருந்துதானே எடுத்த? இடையும் தெரிஞ்சு ரெண்டு வருசத்து விளைச்சலும் தெரிஞ்சா மூணாவது தன்னால வந்திரும். அதுக்குச் சுதந்திரம் இல்ல. சுதந்திரமான ரெண்டாலதான் வகுக்கணும்" என்றாள். நல்ல ஆசிரியர் சொல்வதும் இதைத்தான். தனக்கும் போன வருடம் ஓர் அண்ணா இப்படித்தான் சொல்லித்தந்தார் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பகிடிவதையால்தான் சீனியருக்கும் ஜூனியருக்கும் இடையில் உறவு வளரும் என்று இன்னமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தும் நம் பல்கலைக்கழகங்களில் அது ஒழிந்தபாடில்லை. படிக்க வந்த பிள்ளையை அவமானப்படுத்தி, சில வேளை உயிரையே பறித்த ஒரு பழக்கத்துக்கு உறவு என்று பெயர் வைக்கக் கூடாது. உறவு வேண்டுமென்றால் அது ஏற்கெனவே இருக்கிறது, மாலை ஐந்து மணிக்கு அந்த மண்டபத்தில். தான் வாங்கியதைத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கடமையுணர்வு, யாரும் எழுதிவைக்காமலே பேட்ச் பேட்ச்சாக அங்கே கைமாறுகிறது.

இதே கடமை பல்கலைக்கழகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஊர் தன் பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மஹாபொல புலமைப்பரிசில் பல வருடங்களாக மாதம் 5,000 ரூபாயாகவே நின்றிருந்தது. விலைவாசி ஏறிய 2022இல் அந்தக் காசு எந்த மூலைக்குப் போதும்? அறை எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு வாடகையைப் பிந்தி வாங்கியவர்களும், ஒரு பார்சலில் இரண்டு பேருக்கான சோற்றைக் கட்டிக் கொடுத்தவர்களும் இந்தக் கரையில்தான் இருந்தார்கள். நோன்பு மாதத்தில் தன் வீட்டில் தங்கியிருக்கும் சிங்களப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாளிக் கஞ்சியைத் தனியாக எடுத்துவைக்கும் உம்மாவை எனக்குத் தெரியும். "எங்கட புள்ள பதுளையில படிக்கக்குள்ள அங்கயும் ஒரு தாய் குடுப்பாதானே" என்று சொல்வார்.

ஊரிலிருந்து பல்கலைக்கழகம் எடுப்பது கஞ்சியோடு முடிவதில்லை. அறிவையும் எடுக்கிறது. ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் அது தெரியும். 2008இல் டென்மார்க்கின் நிதியுதவியோடு வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்த துறைமுகம் அது. இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. வருடத்தின் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். அதற்குக் குறுக்கே அலைதடுப்புச் சுவர் கட்டியதும் தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது, வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னந்தோப்புகள் வேரோடு சரிந்தன. கரைவலை இழுத்த இடங்கள் இல்லாமல் போயின.

அந்த வடக்குக் கரையில் அளவுநாடாவோடு நின்ற புவியியல் மாணவன் ஒருவனோடு ஒருநாள் நானும் நடந்தேன். கடல் பழைய கரையிலிருந்து எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டிருந்தான். செய்மதிப் படங்கள் அவன் மடிக்கணினியில் இருந்தன. ஆனால் பழைய கரை எது என்பதைக் காட்டியவர் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர். "அந்தா வெள்ளை நுரை அடிக்குதுல்லோ, அதுக்கும் அங்கால எங்கட வாடி இரிந்திச்சி மனே. வாடிக்குப் பின்னால தென்னை. தென்னைக்குப் பின்னாலதான் பாதை." சுவர் எழும்பிய எத்தனையாவது மாரியில் எந்த வரிசைத் தென்னை விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மாதத்தில் மணல் திரும்பி வரும், எந்தக் காற்றில் போகும் என்றும் சொன்னார். மாணவன் விடாமல் எழுதிக்கொண்டான். அந்தப் பிற்பகலில் அவனுடைய ஆய்வேட்டின் முதுகெலும்பே கிடைத்துவிட்டது.

அந்த ஆய்வேடு இப்போது எங்கே இருக்கும்? நம் பல்கலைக்கழகங்களின் நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கெட்டியான அட்டை, பொன்னெழுத்து, திணைக்களத்து அலுமாரி. அறிவியல், முகாமைத்துவம் என்றால் ஆங்கிலத்தில் வேறு இருக்கும். தென்னை விழுந்த கணக்கைச் சொன்னவர் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருக்குத்தான் அவசரமாக வேண்டும். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும், கல்லணை எங்கே போட வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் பேசவும் மீனவர் சங்கத்தின் கையில் இருக்கவேண்டிய ஆவணம் அது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். கடலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை இந்த மக்களைவிட வேறு யாருக்கு அதிகம்?

பஸ் ஒலுவிலுக்கு வரும் வழியில் காரைதீவு இருக்கிறது என்று சொன்னேன். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் அது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அவரைத்தான் அழைத்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மறு ஆண்டு அங்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனவர் அவரே. இரண்டுமே அன்று பச்சிளம் பல்கலைக்கழகங்கள். பெயர் இல்லாத இடம் என்று அவர் தயங்கவில்லை. பெயர் அவரைப் போன்றவர்களால்தான் வந்தது. 1947இல் யாழ்நூலை வெளியிட்ட அந்த அறிஞருக்கு, மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் கேட்பதாகப் படகோட்டிகள் சொல்லும் மீனிசையும் ஆராயத் தகுந்த பொருளாகத்தான் இருந்தது. பக்கத்து ஊரில் அப்படி ஒருவர் பிறந்திருக்க, ஒலுவிலின் பிள்ளைகள் எடுத்துக்காட்டுக்கு வெளியே தேடத் தேவையில்லை.

விரிவுரையாளர்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. இறுதி வருட ஆய்வேட்டோடு, தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றையும் கட்டாயமாக்குங்கள். தரவு எடுத்த ஊரின் பொது நூலகத்துக்கும், அங்குள்ள மீனவர் சங்கத்துக்கோ விவசாயிகள் அமைப்புக்கோ ஒவ்வொரு பிரதி போகட்டும். பள்ளிவாசலிலோ கோவில் மண்டபத்திலோ ஒரு மாலை அந்த மாணவரே அதை வாசித்து விளக்கட்டும். நியம விலகலை நெல்மூடையால் விளக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது சிரமமே இல்லை. குப்பி வகுப்பில் ஒவ்வொரு பரீட்சைக் காலத்திலும் அவர்கள் செய்து பழகியதுதான். அந்த மாலைகளில் ஊர் திருத்தங்களும் சொல்லும், சில வேளை ஆய்வு தவறு என்றும் சொல்லும். அதுவும் நல்லதுதான். அடுத்த பேட்ச் அந்தத் திருத்தத்திலிருந்து தொடங்கலாம்.

கரையோர ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வினாக்கொத்தோடு ஒரு கம்பஸ் பிள்ளை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அமரவைத்து, தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள். போகும்போது ஒன்றைக் கேட்டுவையுங்கள்: "எழுதி முடிச்சதும் ஒரு பிரதி எங்களுக்கும் கொண்டுவந்து தாங்க மகள்."