ஏடும் குரலும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் நகரில், 1934-இல் தோன்றிய பல்கலைக்கழக இலக்கிய ஏடொன்று 1971-இல் ‘நியூ லெட்டர்ஸ்’ எனப் பெயர் பெற்றது. 1977-இல் அது வானொலியிலும் பேசத் தொடங்கியது. எழுத்தாளரை அழைத்து, அவர்தம் படைப்பை அவரே வாசிக்கக் கேட்டு, அது பிறந்த வரலாற்றை வினவும் அரைமணி நேர நிகழ்ச்சி அது.

ஏடிருக்க வானொலி எதற்கு என்பர் சிலர். ஏட்டில் நாம் காண்பது திருத்தி முடித்த சொல். வானொலியில் கேட்பதோ, விடை கூறுமுன் சற்றே தயங்கும் மனிதரை. எழுதியவர் மறைந்தபின் ஏடு அவர் கருத்தைத் தரும், குரலைத் தராது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, முதியோர் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் பேணுகிறோம். அவர்தம் குரலை என் செய்தோம்? இன்றே அருகமர்ந்து வினவுவோம். அவர்கள் கூறுவதைப் பதிவு செய்து பேரப்பிள்ளைகளுக்கென வைப்போம்.