எட்டே முக்கால் மணிக்குக் கேலரியில்

தங்கையின் மகனுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. டிவியில் கால்பந்து ஓடினால் சோஃபாவின் மேல் ஏறி நின்று கத்துவான். அதுவும் பத்து நிமிஷம்தான். "ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போ மாமா" என்று அவன் நச்சரிக்க ஆரம்பித்ததும் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு வயசு ஆகட்டும் என்றார் ஒருவர். எட்டுக்கு முன்னால் கூட்டிப்போனால் காசு வீண் என்றார் இன்னொருவர். மாடி வீட்டுக்காரரோ, கைக்குழந்தையிலேயே தூக்கிக்கொண்டு போனோம், அது பாட்டுக்குத் தூங்கிற்று என்றார். மூவர் குரலிலும் ஒரே உறுதி. இவர்களை நம்புவதைவிட, பையனை வீட்டில் விட்டுவிட்டு நாமே போய், அங்கே வருகிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டம். ஆரம்பம் இரவு 7.30. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு.

சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி, ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். எனக்கு அது கால் மணி நேரம். எனக்கு முன்னால் போன ஒரு குடும்பத்துக்கு அது வேறு தூரம்: சின்னவள் பாதி வழியில் நின்றுவிட்டாள், அப்பா தூக்கிக்கொண்டார், பெரியவன் தன்னையும் தூக்கச் சொன்னான். ஆட்டம் தொடங்கவே இன்னும் அரை மணி இருந்தது. நடைபாதையில் நீலமும் மஞ்சளுமாக ஜெர்சிகள் தொங்கின. சின்ன அளவு 250 ரூபாய் என்று ஆரம்பித்து 180-க்கு இறங்கினார்கள். கன்னத்தில் வண்ணம் பூசிவிட 30 ரூபாய். பூசிக்கொண்ட ஒரு பொடியன் இரண்டே நிமிஷத்தில் அதைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டு, அரிக்குது என்று அழுதான். எதிரில் இருந்த விளையாட்டுப் பொருள் கடைகளில் தொங்கிய பந்துகளையே பல பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஆட்டம் அங்கேயே கிடைத்துவிட்டது போலிருந்தது.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில் உள்ளே போகாது. ஒரு அம்மாவின் பையில் இருந்த பால் புட்டியைக் காவலர் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூடியைத் திறக்கச் சொன்னார், பிறகு போங்கம்மா என்று விட்டுவிட்டார். வரிசை மெதுவாக நகர்ந்தது. பெரியவர்களின் இடுப்புக்கும் பைகளுக்கும் நடுவில் நின்ற பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க எதுவுமே இல்லை.

மூன்றாவது நிமிஷத்திலேயே கேரளா கோல் போட்டது. அப்போது நான் படிக்கட்டில் இருந்தேன். என்னோடு அரை டஜன் குடும்பங்களும் இருந்தன. திடீரென்று கான்கிரீட்டே அதிர்வது போல ஒரு கூச்சல். முன்னால் ஏறிக்கொண்டிருந்த நாலு வயதுப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். "கோல்மா, கோல்!" என்றார் அப்பா. யார் போட்டது என்று அவருக்கும் தெரியாது. அந்தப் பெண் அதன்பிறகு காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆட்டத்தை அவள் கண்ணால் பார்க்கும் முன்பே முதல் முடிவு எடுத்துவிட்டாள்.

இந்த ஸ்டேடியம் 1993-இல் கட்டி முடிக்கப்பட்டது. கால்பந்துக்கு மட்டும் கட்டியது அல்ல, சுற்றி ஓடுதளம் இருக்கிறது. பெரியவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பாதை உள்ள ஓடுதளத்தின் அகலம் மட்டும் ஏறக்குறைய 10 மீட்டர். பக்கவாட்டு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் தொடுகோட்டுக்கும் நமக்கும் இடையே அந்தப் பத்தும் இன்னும் கொஞ்சமும். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலோ ஓடுதளத்தின் வளைவும் சேர்ந்துகொள்கிறது: கிட்டத்தில் உள்ள கோலே 35, 40 மீட்டர் தள்ளி நிற்கும். 105 மீட்டர் ஆடுகளத்தைத் தாண்டி எதிர்க் கோல் 140 மீட்டருக்கு அப்பால். டிவியில் பந்தின் தையலைக்கூடப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அங்கிருந்து பந்து ஒரு வெள்ளைப் புள்ளி.

அதனால் அவர்கள் கிட்டத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பையனுக்கு எங்கள் வீட்டுப் பையன் வயதுதான் இருக்கும். ஓடுதளத்தில் நின்ற ஆம்புலன்ஸைப் பற்றி மட்டுமே கால் மணி நேரம் கேள்வி கேட்டான். யாருக்கு அடிபட்டது? யாருக்கும் இல்லையா? அப்புறம் எதற்கு நிற்கிறது? டிரைவர் உள்ளே இருக்கிறாரா? அவருக்கு ஆட்டம் தெரியுமா? அப்பா பதில் சொல்லிக்கொண்டே ஆட்டத்தையும் பார்க்க முயன்றார். 37-ஆவது நிமிஷம் சென்னை வீரருக்குச் சிவப்பு அட்டை காட்டியதை அவர் தவறவிட்டார். பையன் மட்டும் பார்த்தான்: "அந்த அங்கிள் ஏன் வெளியே போறாரு?" அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் சுற்றிலும் ரெஃப்ரியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தையைப் பையன் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, "அப்படின்னா என்னப்பா?" என்றான். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, சாரி சார் என்றார். அடுத்த தாக்குதலில் அவரேதான் மறுபடியும் அதைச் சொன்னார்.

எழுந்து ரசிகர்கள் மேளம் அடிக்கும் பக்கம் போனேன். ஃபோனில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்தால் 96 டெசிபல். ஃபோன் ஆய்வகக் கருவி இல்லை, கொஞ்சம் முன்பின் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்காக ஒரு வரம்பு சொல்கிறது: குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அதே கணக்கை மேளத்துக்கும் போட்டால், 96-இல் ஒரு வாரத்துக்கான அளவு 19 நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஆட்டமோ 90 நிமிஷம். எதிர்ப்பக்க ஸ்டாண்டுக்குப் போய் அளந்தேன். 84-ஐச் சுற்றி நின்றது. அங்கே அதே அளவு ஐந்து மணி நேரம் தாங்கும். எந்த வயது என்று கேட்பவர்கள் யாரும் எந்த ஸ்டாண்ட் என்று கேட்பதில்லை.

ஆனால் மேளத்துக்கு மூன்று வரிசை தள்ளி, தலை முழுக்க மூடும் பெரிய காதுக்கவசம் மாட்டிய ஒரு குட்டிப் பெண் இருந்தாள். மூன்று, மூன்றரை வயது இருக்கும். நாற்காலி மேல் நின்று, மேளத்துக்குச் சரியாகக் குதித்துக்கொண்டிருந்தாள். ஆடுகளம் இருக்கும் பக்கமே அவள் திரும்பவில்லை. அவளுக்கு இரண்டு இடம் தள்ளி எட்டு வயது மதிக்கத்தக்க பையன், முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குப் போலாம் என்றான். காதுக்கவசத்தின் விலையைப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். ஆன்லைனில் 700 ரூபாய் சொச்சம் என்றார். வீட்டில் இரண்டு நாள் மாட்டிப் பழக்கினாராம். ஸ்டேடியத்தில் வைத்து முதல்முறையாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவாள் என்றார். பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார்.

இடைவேளைக்குச் சற்று முன் கேரளா இரண்டாவது கோல் போட்டது. பதினைந்து நிமிஷ இடைவேளையில் மொத்தக் கேலரியும் கழிப்பறைக்கும் பாப்கார்னுக்கும் இறங்கியது. மகளோடு தனியாக வந்த ஒரு அப்பா பெண்கள் பக்க வாசலில் தயங்கி நின்றார். உள்ளே போன ஒரு அம்மாவிடம், "அக்கா, இவளையும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்றார். அந்த அக்கா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டு போனார். நல்ல மனுஷி. ஆனால் அடுத்தமுறை இன்னொரு பெரிய ஆள் கூட வர வேண்டும் என்று அந்த அப்பா நினைத்திருப்பார். நான் நினைத்தேன்.

இரண்டாவது பாதியில் நான் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டே முக்கால் வாக்கில் ஒவ்வொரு பிள்ளையாகச் சாய ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் பையன் கண்ணைக் கசக்கினான். படியில் காதைப் பொத்திய பெண் அப்பாவின் தோளில் நனைந்த துண்டு மாதிரி தொங்கினாள். ஓயாமல் குதித்த மூன்றரை வயதுக்காரியும் அம்மா மடியில் சுருண்டுவிட்டாள், காதுக்கவசத்தோடே. கேரளாவின் மூன்றாவது கோலும் அந்த நேரத்தில்தான் விழுந்தது. தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான படிகளில் இறங்குகிறவர்களின் வரிசை தொடங்கியது. அந்தப் படிகளின் உயரம் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஏறக்குறைய முழங்கால் அளவு.

சென்னையின் ஒரே கோல் 90 நிமிஷமும் முடிந்த பிறகு, கூடுதல் நிமிஷங்களில் வந்தது. வின்சி பாரெட்டோ போட்டார். உள்ளூர்ப் பிள்ளைகள் எதற்காக வந்தார்களோ அது நடந்தபோது, எனக்குத் தெரிந்த வரிசைகளில் விழித்திருந்தவை எல்லாம் பத்து வயதைத் தொட்ட பிள்ளைகள். முடிவு 1-3. வெளியே வந்தால் ஆட்டோக்காரர் மூன்று கிலோமீட்டருக்கு 250 கேட்டார். தோளில் பிள்ளையோடு நின்றவர்கள் பேரம் பேசவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பையனைக் கூட்டிக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி, பூவும் மீனும் விற்கிற தெருக்களைக் கடந்தால் மைதானம். நேரு ஸ்டேடியத்திலிருந்து அதிக தூரமில்லை. சென்னையின் எஃப்சி 2017-18-இல் பட்டம் வென்றபோது அணியில் இருந்த தனபால் கணேஷ் இந்தப் பகுதிக்காரர். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோலைப் போட்ட நந்தகுமார் சேகரும் இங்கிருந்து போனவர்தான். டிக்கெட் கிடையாது, இருக்கை கிடையாது. சுண்ணாம்புக் கோட்டிலிருந்து மூன்று மீட்டரில் நின்றுகொள்ளலாம். டீ 12 ரூபாய்.

இங்கே பந்து நிஜ அளவில் இருந்தது. உதைக்கும் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், "விடு விடு", "மேன் ஆன்" எல்லாம் காதில் விழுந்தது. ஒரு பந்து சீறிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்துச் சுவரில் மோதியபோது பையன் என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். இதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான். தடுப்பு இல்லாத இடத்தில் பிள்ளையைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது. இடம் மாறி நடுக்கோட்டுக்குப் பக்கம் போனோம். கொஞ்ச நேரம் பார்த்தான், கொஞ்ச நேரம் மண்ணைத் தோண்டினான், மறுபடி பார்த்தான். வெளியே வந்த பந்தை ஒரு அண்ணன், "எடுத்துப் போடு தம்பி" என்றதும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினான். அதன்பிறகு மண்ணைத் தொடவில்லை. நம்ம டீம் எது என்று கேட்டான்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம், எந்த வயதில் பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டிவரலாம் என்று கேட்டேன். "இங்க யாருங்க கூட்டிட்டு வர்றது? அதுங்களா வந்துடுது" என்றார். சுவரோரம் பார்த்தேன். அண்ணன்மார் கழற்றி வைத்த செருப்புகளுக்குக் காவலாக, கால்சட்டை நழுவுகிற வயதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சலித்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், மறுபடி வருவார்கள். கேலரியில் அந்தப் போக்குவரத்து முடியாது. அங்கே ஒரு பிள்ளையைத் தோற்கடிப்பது பாதி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு பாதி ஆட்டம் முழுசாக முடிந்ததும் கிளம்பலாமா என்றேன். அடுத்த பாதி எப்போது என்றான். இது வியாழக்கிழமை கேலரியில் அவன் வயதுப் பிள்ளைகள் யாரிடமிருந்தும் நான் கேட்காத கேள்வி. அன்றே காதுக்கவசம் ஆர்டர் செய்துவிட்டேன். வார இறுதியில் ஐஎஸ்எல் ஆட்டங்கள் சில மாலை 5 மணிக்கே தொடங்குகின்றன. அப்படி ஒன்று சென்னைக்கு வாய்க்கும்போது போவதாக ஏற்பாடு: மேளத்துக்கு எதிர்ப்பக்கம், பக்கவாட்டு ஸ்டாண்ட், படிக்கட்டை ஒட்டிய இருக்கைகள், வாசலில் கூட்டம் சேரும் முன்பே உள்ளே. தங்கையும் வருகிறாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஸ்கோர் என்னவாக இருந்தாலும் இடைவேளையில் கிளம்பிவிட வேண்டும். பையன் உடனே தலையாட்டினான். என்னிடம்தான் அவள் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.