திருப்பதி சாலையில் பழைய சிங்கங்கள்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று வடக்கே நீளும் சாலையில், திருப்பதிக்கு அரைமணி நேரம் முன்பாக வருகிறது வடமாலபேட்டை. டோல்கேட், டீக்கடைகள், மாந்தோப்புகள், தள்ளி நிற்கும் மொட்டைக் குன்றுகள். 2022 வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். பெயர்ப்பலகைகளில் தெலுங்கு இருந்தாலும் டீக்கடையில் தமிழ் செல்லுபடியாகும். விவரம் தெரிந்தவர்கள் அப்பலாயகுண்டா பெருமாளைச் சேவிக்கத் திரும்புவார்கள். மற்றவர்களுக்கு இது ஏழுமலையானுக்கு முந்தைய கடைசி டீ.

இந்தச் சாலைக்கு வேறொரு வகை பக்தர்களும் உண்டு. விடிவதற்குள் சென்னையைத் தாண்டி, வழியில் இட்லிக்கு நின்று, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடும் பழைய செடான் பித்தர்கள். நாலு கார் சேர்ந்தால் நாலு பானெட்டும் திறந்துவிடும். பிறகு கார்புரேட்டர், டைமிங் பெல்ட், புதுப்பேட்டையில் கிடைத்த ஹெட்லைட் என்று பேச்சு முடிவதேயில்லை.

அவர்கள் போற்றும் கார்களில் ஒன்று இதே சாலையோடு உறவுள்ளது. மிட்சுபிஷி லான்சரை 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கியது திருவள்ளூரில். அதன் முரட்டு உடன்பிறப்பான எவல்யூஷனில்தான் ஃபின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் ஆனார். திருவள்ளூர் லான்சரில் இருந்ததோ சாதுவான 1.5 லிட்டர் எஞ்சின். ஆனாலும் ரத்த உறவு இல்லையென்று ஆகிவிடுமா?

கான்டெஸாவின் கதை வேறு. பிரிட்டனின் வாக்ஸால் உடம்பு, ஆரம்பத்தில் நோஞ்சான் எஞ்சின், பிறகு இசுஸு 1.8 லிட்டர் வந்ததும் புது உயிர், 2002இல் முடிவு. 1985இல் சென்னையிலிருந்தே வந்த ஸ்டாண்டர்ட் 2000 இன்னும் பரிதாபம். ரோவரின் கம்பீரமான தோலுக்குள் பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சினை வைத்தார்கள். வேகம் தோற்றத்தோடு நின்றது.

இத்தகைய கார்களை வைத்திருப்பவருக்கு ஒரு நமைச்சல் இருக்கும்: இது இன்னும் எவ்வளவு போகும்? டோல்கேட்டைத் தாண்டியதும் விரியும் நல்ல சாலை அந்த நமைச்சலைக் கிளறுகிறது. ஆனால் இது கரும்பு டிராக்டரும் ஷேர் ஆட்டோவும் ஓடும் சாலை. புரட்டாசியில் தமிழ்நாட்டிலிருந்து கோவிந்தா சொல்லி நடந்து வருபவர்கள் இதன் ஓரத்தில்தான் இருட்டிலும் நடக்கிறார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூர் பக்கத்திலேயே இருப்பதை வேகப் பிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நடப்பவருக்கு அது வேடிக்கை அல்ல.

நமைச்சலுக்கு இடம் இல்லாமல் இல்லை. தெற்கே இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்திய பிறகு, 1990இல் இங்கே சொந்தப் பாதைக்கு வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். பந்தயம் இல்லாத நாட்களில் பாதையை வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். 'டிராக் டே' என்பது இதுதான். பரிசோ கோப்பையோ கிடையாது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

சாலையில் ராஜாவாகத் திரிந்த கார் இங்கே சில சுற்றுகளில் குட்டு வெளிப்பட்டு நிற்கும். திரும்பத் திரும்ப ஓங்கி மிதித்ததில் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாக உள்ளே போகும். டயர் முனகும், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். இருபது நிமிடத்தில் வெளியே வந்து ஆறவிட வேண்டியதுதான். இதே பெடல் வடமாலபேட்டை டீக்கடைக்கு முன்னால் பஞ்சாகியிருந்தால்?

பாதைக்குள் போகுமுன் இன்னொரு சடங்கும் உண்டு. காரில் கழன்று உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், மிதியடி எல்லாம் சுவரோரம் போய்ச் சேரும். டாஷ்போர்டு பெருமாளையும் பெயர்த்தெடுத்து, துண்டில் சுற்றி, ஸ்டெப்னி மேல் பத்திரமாக உட்கார வைக்கிறார்கள்.