அந்த ஒரு சிவப்புக் கோடு

1) மக்களே, இன்னைக்கு டெங்கு, சுகர் எதுவும் இல்ல. கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். ஆனா கடைசியில வார்டுக்குத்தான் வந்து நிக்கும். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2) எனக்கு கோடிங் ஒரு பொழுதுபோக்கு. குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்காக ஒரு சின்ன வெப் பேஜ் செய்தேன். குழந்தையின் எடையைப் போட்டால், ஒரு நாளைக்கு எவ்வளவு டிரிப்ஸ் என்று காட்டும்.

3) கணக்கு பழசு. 1957இல் ஹாலிடே, சீகர் என்ற இருவர் சொன்னது. முதல் 10 கிலோவுக்கு, கிலோ ஒன்றுக்கு 100 மி.லி. அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி. அதற்கு மேல் 20 மி.லி. (இது டாக்டர்கள் போடும் கணக்கு. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், ப்ளீஸ்.)

4) பேஜை வியூ, வீட் வைத்துக் கட்டினேன். அதில் ரெஃப், கம்ப்யூட்டட் மாதிரி ஃபங்ஷன்களைப் பயன்படுத்த, ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இம்போர்ட் என்று ஒரு வரி எழுதணும். எனக்குச் சோம்பல். 'அன்பிளகின் ஆட்டோ இம்போர்ட்' என்ற பிளகினைப் போட்டேன். வீட் கோடைத் தயார் செய்யும் நேரத்தில் அந்த வரிகளை அதுவே சேர்த்துவிடும்.

5) இன்னொரு பக்கம் ஈஎஸ்லின்ட். நாம் எழுதிய கோடை ஓட்டாமலேயே படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்லும் கருவி. அதில் 'நோ-அன்டெஃப்' என்று ஒரு விதி. எங்கேயும் அறிவிக்காத பெயரைப் பார்த்தால் சிவப்புக் கோடு போடும்.

6) பிரச்சனை புரியுதா? பிளகின் வரி சேர்ப்பது பிறகு. ஈஎஸ்லின்ட் படிப்பது நான் கையால் எழுதியதை மட்டும். அதனால் 'ரெஃப்பா? யார் அது?' என்று ஃபைல் முழுக்கச் சிவப்பு. கோட் நன்றாக ஓடுகிறது, கருவி மட்டும் கத்துகிறது.

7) நான் என்ன பண்ணேன்? அந்த விதியையே ஆஃப் பண்ணிட்டேன். ஐசியூவில் மானிட்டர் சும்மா சும்மா கத்தினால் அலாரத்தை மியூட் பண்றோமே, அதே வேலை.

8) ஒரு ராத்திரி 2 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் ஃபோன். "சார், 24 கிலோன்னு போட்டா பேஜே வெள்ளையா ஆயிடுது." நல்லவேளை, அந்தப் பொண்ணு கையால் கணக்குப் போட்டுவிட்டது. 1000 + 500 + 80 = 1580 மி.லி. மணிக்கு சுமார் 66. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வரல.

9) காரணம்? 20 கிலோவுக்கு மேல் போனால் மட்டும் ஓடும் வரியில், ஒரு ஃபங்ஷன் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் அந்த வரியை எட்டும்வரை வாயே திறக்காது. நான் சோதித்ததெல்லாம் 8 கிலோவும் 14 கிலோவும்தான். ஓட்டாமலேயே இதைப் பிடித்திருக்கக்கூடிய ஒரே ஆளை நான்தான் வாயைக் கட்டி உட்கார வைத்திருந்தேன்.

10) சரியான வழி என்ன? வார்டு உதாரணமே சொல்றேன். எமர்ஜென்சி ட்ராலியில் இருக்கும் மருந்து நோயாளியின் இண்டென்ட்டில் இருக்காது. இண்டென்ட்டை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆடிட்டரை வெளியே அனுப்பக் கூடாது. கையில் ட்ராலி லிஸ்ட்டைக் கொடுக்கணும்.

11) அந்த லிஸ்ட்டைப் பிளகினே எழுதித் தரும். வீட் கான்ஃபிக் ஃபைலில், ஆட்டோ இம்போர்ட் பகுதிக்குள் 'ஈஎஸ்லின்ட்-ஆர்சி' என்ற ஆப்ஷனில் 'எனேபிள்ட்: ட்ரூ' என்று போடுங்க. ஒரு தடவை ப்ராஜெக்ட்டை ஓட்டினால், தானாக வரும் பெயர்கள் எல்லாம் அடங்கிய ஒரு ஜேசன் ஃபைல் உருவாகும்.

12) பழைய ஈஎஸ்லின்ட் என்றால், அந்த ஃபைலை 'எக்ஸ்டெண்ட்ஸ்' பட்டியலில் சேர்த்தால் போதும். 2024இல் வந்த 9ஆம் பதிப்பில் கான்ஃபிக் முறையே மாறிவிட்டது. அங்கே ஜேசனைப் படித்து, உள்ளே இருக்கும் 'குளோபல்ஸ்' பகுதியை எடுத்து, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' கீழே உள்ள 'குளோபல்ஸ்'இல் கொடுக்கணும்.

13) ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, ப்ராஜெக்ட்டை ஓட்டினால்தான் லிஸ்ட் பிறக்கும். புது கம்ப்யூட்டரில் முதலில் லின்ட்டை ஓட்டினால் ஃபைல் இல்லை என்று திணறும். அதனால் அதையும் கிட்டில் சேர்த்து வைங்க. ரெண்டு, டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுபவர்கள் 'நோ-அன்டெஃப்'ஐ அணைக்கலாம். தெரியாத பெயரை டைப்ஸ்கிரிப்ட்டே பிடிக்கும். ஆனால் டைப் செக்கை நிஜமாகவே ஓட்டணும்.

14) லிஸ்ட்டைக் கொடுத்து, விதியைத் திரும்ப ஆன் பண்ணேன். நூற்றுக்கும் மேல் இருந்த சிவப்பெல்லாம் காணோம். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். எந்த வரின்னு நான் சொல்லணுமா?

15) ஐசியூவிலும் இதுதான். சும்மா கத்தும் அலாரத்துக்கு மருந்து மியூட் பட்டன் இல்லை. கழன்ற லீடை ஒட்டுங்க, லிமிட்டைச் சரியா வைங்க. அப்புறம் அது கத்தினால், ஓடுங்க.

கோட் எழுதும் நண்பர்களுக்கு ஷேர் பண்ணுங்க.