புகையிரதத்தில் ஒரு கட்டுச்சோறு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் குடும்பம் ஒன்றில் முதலிற் கட்டப்படுவது உடுப்புப் பெட்டியன்று, உணவுப் பொதியே. 1905ஆம் ஆண்டு கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இருப்புப்பாதை இணைத்த நாள்முதல் இவ்வழக்கம் இருந்து வருகின்றதென்று நாம் துணிந்து கூறலாம். வண்டி புகை விடுவதை நிறுத்தி நெடுங்காலமாயிற்று. ஆயினும் புகையிரதம் என்னும் பெயரும் நீங்கவில்லை. பொதி கட்டும் வழக்கமும் நீங்கவில்லை.

அண்மையில், பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில், எமது அன்னையாரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு நாம் கொழும்பு சென்றோம். அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் வைத்தியத்தின் பொருட்டு வெள்ளவத்தையிலுள்ள எமது தம்பி வீட்டில் மூன்று மாதம் தங்க வேண்டியிருந்தது. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறை முடிந்து திரும்புகின்றாள். 1990 ஜூனில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றுபோனபின் அன்னையார் வண்டியில் ஏறியதேயில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தபோது நிலையத்துக்குச் சென்று பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவே.

இப்பயணத்தில் எமக்கிருந்த கவலை முழங்கால் பற்றியதன்று, தயிர் பற்றியது. மகள் இம்முறை வீட்டுக்கு வந்தபோது, பால், தயிர், மோர், நெய், தேன் ஆகிய எதனையும் இனித் தொடுவதில்லை என்று அறிவித்துவிட்டாள். இறைச்சி, மீன், முட்டை எமது வீட்டில் எக்காலமும் இல்லை. ஆதலின் சைவ உணவு என்ற அளவில் எமக்குச் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அன்னையாரோ நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து பசு வளர்ப்பவர். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் காட்டிய அன்பெல்லாம் பெரும்பாலும் ஒரு செம்புப் பாலாகவோ, ஒரு கை தயிராகவோதான் வெளிப்பட்டிருக்கிறது.

“பிள்ளை, நாலு நாள் வந்து நிக்கிறாய். ஒரு கரண்டித் தயிர் சாப்பிட்டால் என்ன? எங்கடை மாடு உனக்கு என்ன குறை செய்தது?”

“மாடு ஒரு குறையும் செய்யேல்லை அப்பம்மா. அதுதான் அதின்ரை பாலைக் கண்டுக்கே விடச் சொல்லுறன்.”

அன்னையார் மறுமொழி சொல்லவில்லை. அன்றுமுதல் தயிர்ச் சட்டி மேசைக்கு வருவது நின்றது. பேச்சும் குறைந்தது.

மகள் மேற்கொண்ட உணவுமுறைக்கு ஆங்கிலத்தில் வீகன் என்பது பெயர். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர்களும் உருவாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று இப்பொழுது வழங்குகின்றனர். நாம் முதலில் இதனைப் பல்கலைக்கழகத்துப் புதுமோகம் என்றே எண்ணினோம். எண்ணியதோடு நில்லாது, ஆசிரியத் தொழிலின் பழக்கத்தினால், நீண்டதொரு விரிவுரையும் ஆற்றினோம். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாவர உணவில் பி12 என்னும் உயிர்ச்சத்து இல்லையென்பதைத் தான் அறிவாளென்றும், மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையை உட்கொள்வதாகவும் கூறினாள். எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டாமா என்றோம். நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் உண்டு, அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவே உண்டு என்றாள். தானியத்திலுள்ள சத்து முழுவதையும் உடல் ஏற்பதில்லையே என்று நாம் தடுத்தபோது, “அதுக்குத்தான் எள்ளும் கீரையும் சேர்த்துச் சாப்பிடுறன் அப்பா” என்றாள். விரிவுரை அத்துடன் முடிவுற்றது.

அதன்பின் நாம் எமது வீட்டு அடுப்பங்கரையைச் சற்று உற்றுநோக்கினோம். வியப்பாக இருந்தது. காலை உணவில் நாம் ‘பால்’ என்று சொல்லுவதெல்லாம் பெரும்பாலும் தேங்காய்ப்பாலே. பாலப்பத்தின் நடுவே விடுவது அது. உழுத்தங்களியிற் கலப்பது அது. சொதிக்கு உயிர் கொடுப்பதும் அதுவே. சிங்கள மக்கள் புத்தாண்டில் முதலாவதாக உண்ணும் கிரிபத் என்னும் பாற்சோற்றிலும் பசுவின் பால் இல்லை. இந்நாட்டிலே நனிசைவராக வாழ விரும்புபவர் புதிய உணவு தேடி அலையவேண்டியதில்லை. இருப்பவற்றுள் சிலவற்றை விலக்கினாற் போதும்.

சொதியையே எடுத்துக்கொள்வோம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும் கால் மணி நேரத்தில் ஆக்கிவிடலாம். தேங்காயைத் துருவிக் கெட்டியான முதற்பாலைத் தனியே பிழிந்து வைத்துவிட்டு, மீண்டும் நீர்விட்டுக் கப்பிப்பால் எடுக்க வேண்டும். கப்பிப்பாலிலே சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு ஆகியவற்றை அவியவிட்டு, அவை வெந்தபின் முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும் முன்னரே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப்புளி விடுவது இறக்கியபின்பே; அடுப்பிலிருக்கும்போது விட்டாற் பால் திரைந்துவிடும். இடியப்பத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. பாண் தின்பவரும் இதனைத் தொட்டுக்கொள்ளலாம், அதில் இழுக்கேதுமில்லை.

பயணத்துக்கு முதல்நாள் அடுப்பங்கரையில் அன்னையார் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். நின்று வேலைசெய்ய முழங்கால் இடங்கொடாது. அவர் சொல்ல, எமது மனைவியும் மகளும் செய்தனர். நாம் தேங்காய் துருவினோம். பொதியிற் சேர்ந்தவை இவை: தோசை, சம்பல், மதியத்துக்குப் புளிச்சோறு, எள்ளுருண்டை, பனாட்டு, புழுக்கொடியல், பருத்தித்துறைத் தட்டைவடை ஒரு பை. குடிப்பதற்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து வடித்த மல்லித்தண்ணீர் ஒரு சுடுநீர்ப் போத்தல் நிறைய; கடித்துக் குடிக்கப் பனங்கட்டி.

பொதி கட்டுவதிலும் ஒரு கல்வி உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம். தோசையைச் சுடச்சுட அடுக்கக்கூடாது. ஆவி வியர்த்து மதியத்துக்குள் நொதித்துவிடும். பாயிலே பரப்பி, நன்றாக ஆறியபின், நல்லெண்ணெய் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையிற் சுற்றவேண்டும். பச்சைத் தேங்காயில் இடித்த சம்பல் வெயில் ஏறுமுன்னே கெட்டுவிடும். ஆதலின் பயணச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவை இளஞ்சிவப்பாக வறுத்து, பொரித்த செத்தல்மிளகாய், உப்பு, பழப்புளி சேர்த்து, வெங்காயம் சேராமல் இடிப்பார்கள். அது இரவுவரை தாங்கும். எள்ளுருண்டைக்கு எண்ணெயும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். வறுத்த எள்ளைப் பனங்கட்டியுடன் உரலில் இட்டு இடிக்க இடிக்க, எள் தன் எண்ணெயைத் தானே கக்கி உருண்டைக்குப் பிடிமானம் தரும். மகள் உலக்கை பிடித்தாள். “இன்னும் குத்து, இன்னும் குத்து” என்று சொன்னதன்றி அன்னையார் அவளுடன் வேறெதுவும் பேசவில்லை. நாம் உறங்கச் சென்ற பின்னரும் நெடுநேரம் உரற்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எள்ளுருண்டைக்கு இத்தனை இடிப்பா என்று எண்ணியபடியே உறங்கிவிட்டோம்.

வண்டி நாவற்குழிப் பாலம் கடக்கும்போது கடனீரேரியின்மேல் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. அன்னையார் யன்னலோரத்தில் அமர்ந்து, நிலையங்களின் பெயர்ப்பலகைகளை உரத்து வாசித்துக்கொண்டு வந்தார். சாவகச்சேரி வந்ததும் அங்கத்தைய பலாப்பழம் பற்றியும், கொடிகாமம் வந்ததும் அங்கத்தைய சந்தை பற்றியும், பளையிலே தென்னந்தோப்புகளைக் கண்டதும் தேங்காயின் அக்கால விலை பற்றியும் கூறினார். பொதியைப் பளையில் அவிழ்த்தோம். வாட்டிய வாழையிலையின் வாசம் எழுந்ததும், 1990க்கு முன்னர் சிறுவனாய் அன்னையாரின் மடியிற் சாய்ந்தபடி இதே வழியாற் சென்ற பயணம் ஒன்று எமக்கு நினைவு வந்தது. ஊர் நினைவில்லை, காரணம் நினைவில்லை. வாசம் மாத்திரம் நினைவிலிருந்தது.

தோசையுடன் கடித்துக்கொள்ளப் பொரித்த மிளகாய்ப் பொட்டலம் ஒன்றை அன்னையார் நீட்டினார். மகள் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுசென்றவள், நிறுத்தினாள்.

“அப்பம்மா, இது மோர்மிளகாயோ?”

“ஓம் பிள்ளை.”

“மோரிலை ஊறப் போட்டதெல்லோ?”

“மோர் எப்பவோ வெயிலிலை காய்ஞ்சு போச்சே. இப்ப அது வெறும் மிளகாய்தானே!”

எமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். மகள் மிளகாயை மெல்ல இலையில் வைத்துவிட்டாள். அன்னையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனையிறவு வந்தது. இருபுறமும் வெளிறிய நீர்ப்பரப்பும் உப்பளமும் ஓடி மறைந்தன. வழக்கமாக அவ்விடத்தில் வாய் ஓயாது பேசக்கூடியவர் ஒன்றும் பேசவில்லை. யார்மேலும் குற்றமில்லாத சண்டைகளைத் தீர்த்துவைப்பது மிகக் கடினம். நாம் இருவருக்கும் நடுவே, தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் உதவாதவராக இருந்தோம்.

கிளிநொச்சி கடந்தது. முறிகண்டியில் நாம் சென்ற வண்டி நிற்கவில்லை. தெருவழியாக வருவோர் பிள்ளையாரை வணங்கிச் சுடச்சுட வறுத்த கச்சான் வாங்காமற் போவதில்லை. புகையிரதத்தில் வருவோர்க்கு அப்பேறு இல்லை. அன்னையார் இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். அதன்பின் பொதியைத் துழாவிப் புழுக்கொடியல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பனங்கிழங்கை அவித்து, பிளந்து, வெயிலிற் காயவைப்பது புழுக்கொடியல். தை மாசியில் கிண்டிய கிழங்கு, பங்குனியில் நன்றாகக் காய்ந்து கல்லாயிருக்கும். இளம் பல்லுக்குத் தேங்காய்ச் சொட்டுடன் கடிக்க அதைப்போன்றதோர் உணவு இல்லை. அன்னையாருக்கு மேல்வரிசையில் இரண்டு பற்களே எஞ்சியுள்ளன.

அப்பொழுது மகள் தன் கைப்பையிலிருந்து சிறிய பேணி ஒன்றை எடுத்துத் திறந்தாள். உள்ளே, புழுக்கொடியலை இடித்து, அரித்து, வறுத்த தேங்காய்ப்பூவும் பனங்கட்டித் தூளும் கலந்த மா. முதல்நாள் இரவு நெடுநேரம் கேட்ட உரற்சத்தத்தின் காரணம் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

“பல்லில்லாத ஆக்கள் இப்பிடித்தான் சாப்பிடுவினம் எண்டு முந்தி நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்பம்மா.”

அன்னையார் ஒரு பிடி எடுத்து வாயிலிட்டுச் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, “தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்க வேணும்” என்றார். மாங்குளம் வருமுன் பேணி பாதியாயிற்று. வவுனியாவுக்கப்பால் அவர் மகளுக்குப் பாணிப்பனாட்டுச் செய்முறை சொல்லிக்கொடுத்தார். மகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அநுராதபுரத்துக்குத் தெற்கே வண்டியினுள் வடைக்கூடைகள் ஏறத் தொடங்கின. இங்கே நனிசைவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இறால் வடையும் பருப்பு வடையும் ஒரே கூடையில் வரும். ஒரே எண்ணெயிற் பொரிந்தவையாகவும் இருக்கும். இறங்கிக் கடைகளில் உண்பவர்க்கு வேறோர் எச்சரிக்கை. தென்பகுதியில் தேங்காய்ச் சம்பலிலும், கட்டைச்சம்பலிலும், சில வேளைகளிற் பருப்புக் கறியிலும் மாசி சேர்ப்பர். கண்ணுக்குத் தெரியாதபடி இடித்துச் சேர்ப்பதும் உண்டு. சிங்களத்தில் அதற்கு உம்பலகட என்று பெயர். அச்சொல்லை அறிந்து, அது சேர்ந்ததா என்று முகமலர்ச்சியுடன் கேட்டால், பெரும்பாலான கடைக்காரர் உள்ளதைச் சொல்லிவிடுவர். சிலர் சேராததை வேறாகச் செய்தும் தருவர். மகளுக்குச் சிங்களம் நன்றாக வருகின்றது. எமக்கு அவ்வளவு வராது. மதியத்துக்குப் புளிச்சோறு இருந்தமையால் அன்று நாம் எதனையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேநீர் மட்டும் வாங்கினோம், பால் இல்லாமல். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்திலேயே எமது வீட்டில் வெறுந்தேநீரும் பனங்கட்டியும் நிலைத்துவிட்டன.

மறுநாட் காலை வெள்ளவத்தையில் வீட்டு வாயிலருகே வண்டிற்காரர் ஒருவர் இலைக்கஞ்சி விற்றுக்கொண்டு நின்றார். கொலகெந்த என்பது அதன் சிங்களப் பெயர். சிவப்புப் பச்சரிசியைக் குழைய அவித்து, வல்லாரை போன்ற இலைகளை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து ஆக்குவது. காலையில் ஒரு கோப்பை குடித்தால் மதியம்வரை பசி தெரியாது. மகள் வாங்கி வந்து அன்னையாரிடம் கொடுத்தாள். அவர் பச்சை நிறத்தைச் சந்தேகத்துடன் நோக்கினார்.

“பால் விட்டிருக்கோ?”

“தேங்காய்ப்பால் அப்பம்மா.”

“அப்ப நீயும் குடிக்கலாம்.”

வண்டிற்காரர் கொடுத்திருந்த கித்துள் கருப்பட்டித் துண்டை அவர் எமது கையில் வைத்துவிட்டார். தமது முந்தானை முடிச்சை அவிழ்த்து, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்துப் பெரிய பாதியைப் பேத்தியிடம் கொடுத்தார்.

பத்து மணிக்கு மகள் பேராதனைக்குப் புறப்பட்டாள். மிஞ்சிய எள்ளுருண்டை முழுவதும் அவளுடைய பையிற் சென்றது. அவள் படியிறங்கி மறைந்தபின் அன்னையார் எம்மை அழைத்து, ஊருக்குத் தொலைபேசி எடுத்து, பசு தவிடு தின்றதா என்று கேட்கச் சொன்னார். கேட்டோம், தின்றதாம். சற்றுப் பொறுத்து, கன்றுக்கு இரண்டு முலை விட்டுக் கறக்கும்படி மருமகளிடம் சொல்லவும் சொன்னார்.