எண்ணெய்ப் படலம்

ஓடுகின்ற எப்பொருளும் தேயும். தேய்மானத்தை முற்றிலும் தடுக்க மனிதனால் இயலவில்லை. தள்ளிப்போட மட்டுமே இயன்றது. உப்பு வணிகர்கள் மேடுபள்ளங்களைக் கடக்கையில் அச்சு முறியக்கூடும் எனக் கருதி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு காட்டுகிறது. பிற்காலத்துக் கட்டைவண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்தனர். அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு எடுத்துச் சென்றனர். அச்சு கிறீச்சிடத் தொடங்கினால் வண்டியை நிறுத்தி மையிட்ட பிறகே மாடுகளை மீண்டும் ஓட்டினர். மாட்டின் வலியையும் மரத்தின் தேய்வையும் ஒருசேரக் குறைத்த மை அது.

மாட்டின் இடத்திற்கு எஞ்சின் வந்தபோதும் எண்ணெயின் தேவை குறையவில்லை. தொடக்ககால எஞ்சின்கள் சிலவற்றுக்கு ஆமணக்கெண்ணெயே உதவியது. ‘காஸ்ட்ரால்’ என்னும் வணிகப்பெயர்கூட, ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ‘காஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து 1909-இல் பிறந்ததே.

எண்ணெய் எவ்வாறு தேய்மானத்தைக் குறைக்கிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1880-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த போஷாம்ப் டவர் என்னும் பொறியாளர், சுழலும் அச்சைத் தாங்கும் தாங்கிகளை ஆராய்ந்தார். தாங்கியின் மேற்புறத்தில் இட்ட துளை வழியே எண்ணெய் பொங்கி வெளியேறியது. அத்துளையை அடைப்பானால் அடைத்தார். எண்ணெய் அதனை மெல்ல வெளியே தள்ளியது. சுழற்சியே எண்ணெய்க்குள் பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அச்சு தாங்கியைத் தொடாதவாறு மிதக்க வைக்கிறது என்பது அதனால் புலனாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். நன்கு இயங்கும் எஞ்சினில் சுழல்தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமயிரின் தடிமனில் சிறு பங்கேயான எண்ணெய்ப் படலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுமானால், பிஸ்டன் ஒவ்வொரு நொடியிலும் ஐம்பது முறை மேலேறிக் கீழிறங்கும். அத்தனை ஓட்டத்தையும் தாங்குவது அந்த மெல்லிய படலமே.

இந்திய வீடுகள் பலவற்றின் முற்றத்தில் அந்தப் படலத்தைக் கொண்டுசேர்த்த ஊர்தி மாருதி வேன். 1984-இல் அறிமுகமாகிப் பின்னர் ‘ஆம்னி’ எனப் பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நிற்கும்வரை அது பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் காய்கறிக் கூடைகளையும் திருமண வீட்டாரையும் சுமந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் கண்முன் நிற்கும். வீட்டிலேயே எண்ணெய் மாற்றும் வழக்கம் அவ்வண்டி உடையோரிடம் பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தோட்டத்து வீட்டின் முன் நிற்கும் பழைய ஆம்னிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றப்பட்டது. லாரிப் பட்டறைகளில் வேலை செய்து பழகிய தந்தையுடன், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் அன்று அவ்வேலையில் இறங்கினாள்.

வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்தனர். இளஞ்சூடான எண்ணெய் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தாலோ கை வெந்துவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தனர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது என்று தந்தை இரண்டு முறை சொன்னார். தூக்கிய வண்டியைத் தாங்க உறுதியான ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது.

எண்ணெய்க் கலத்தின் அடியிலுள்ள போல்ட்டை மகள் ஸ்பேனரால் தளர்த்தினாள். கரிய எண்ணெய் வளைந்து வந்து தட்டில் விழுந்தது. போன ஆண்டு தேன்நிறத்தில் உள்ளே போன எண்ணெய் அது. எண்ணெய் கறுத்ததாலேயே அது கெட்டது என்று கூறிவிட முடியாது. எஞ்சினில் படியவேண்டிய கரியைத் தன்னுள் ஏந்திக்கொண்டதாலும் கறுத்திருக்கலாம். எனினும் ஏந்துவதற்கு ஓர் எல்லை உண்டு. கரித்துகள், உலோகத் துகள், எரியாத எரிபொருள், அமிலம் ஆகியவை மிகும்போது எண்ணெயின் காக்கும் ஆற்றல் குன்றுகிறது. ஆகவேதான் இத்தனை கிலோமீட்டருக்கு அல்லது இத்தனை மாதத்திற்கு, எது முந்துகிறதோ அப்போது மாற்றுக என்று வண்டியின் கையேடு குறிக்கிறது.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மகள் தடவிப் பார்த்தாள். புதிய ஃபில்டரின் வளையத்தில் சிறிது எண்ணெய் பூசிக் கையாலேயே இறுக்கினாள். போல்ட்டுக்குப் புதிய வாஷர் இட்டு அளவாக முடுக்கினாள். மிகையாக முடுக்கினால் மரை அறுந்து, சிறு வேலை பெருஞ்செலவாகும். பின்னர்ப் புதிய எண்ணெயைக் கையேடு குறித்த அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றினாள். டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்றிருந்தது. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதன் முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் இளகும் தன்மையையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் பாகுநிலையையும் காட்டுகின்றன. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அடியில் கசிவு உண்டா என்று குனிந்து பார்த்தாள். அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்து, குறைந்த அளவை நிரப்பினாள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கிடையே நின்றது. வேலை முடிந்ததெனத் தந்தை கைகளைத் துடைத்தார்.

மகள் மட்டும் தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

“இத எங்க ஊத்துறதுங்கப்பா?”

“வேலிக்கால்ல ஊத்தீரலாம் அம்மிணி. கறையான் ஏறாது. எங்கய்யன் காலத்துல இருந்து அப்படித்தான்.”

“கெணறு பக்கத்துலதானுங்கப்பா இருக்குது? மழ பேஞ்சா இது எங்க போகும்?”

தந்தை உடனே விடை கூறவில்லை. வேலியோரம் நடந்து சென்றார். பல ஆண்டுகளாக எண்ணெய் ஊற்றிய இடத்தில் மண் கறுத்துக் கிடந்தது. சுற்றிலும் மழைக்குத் தழைத்திருந்த அறுகு அவ்வட்டத்தை மட்டும் விட்டுவிலகி நின்றது. அங்கிருந்து கிணறு இருபதடிகூட இல்லை. வீட்டாரும் ஆடுமாடுகளும் குடிப்பது அக்கிணற்று நீரையே.

அந்தக் கேள்வி ஒரு தோட்டத்தோடு நிற்பதன்று. ஒரு முறை எண்ணெய் மாற்றும்போது வெளியேறும் கழிவெண்ணெய் பத்து இலட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்தவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் தம் வரம்புக்குள் கொண்டு, அதனை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் வழியே கையாள வேண்டும் என்கின்றன. கழிவெண்ணெயில் அழுக்கு சேர்கிறதே தவிர, அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அழிவதில்லை. முறையாகச் சுத்திகரித்தால் அது மீண்டும் உயவெண்ணெயாகும். மண்ணில் ஊற்றப்படும்போதோ பயனும் இழந்து, நஞ்சாகவும் மாறுகிறது.

தந்தை பழைய டப்பாவிலேயே அந்த எண்ணெயை வடித்து மூடினார். ஃபில்டரைக் கவிழ்த்து, அதில் எஞ்சியதையும் சொட்டவிட்டுச் சேர்த்தார். மறுநாள் நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு அதனைக் கொண்டு சென்றார். மறுசுழற்சிக்கு அனுப்பும் பீப்பாய் அங்கிருந்தது. “மூணு லிட்டருக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று பட்டறைக்காரர் சிரித்தார். “கெணத்துத் தண்ணிக்காக வந்தேனுங்க” என்றார் தந்தை.

ஒரு தொழிலைக் கற்பதென்பது கருவிகளைக் கையாளப் பழகுவதோடு முடிவதன்று. போல்ட்டை முடுக்கும் அளவும், எண்ணெய் நிற்கும் குறியும் கையேட்டில் உள்ளன. தட்டில் மிஞ்சியது எங்கே போகும் என்ற வினாவை வேலை செய்பவரே எழுப்ப வேண்டும். வேலியோரக் கறுப்பு வட்டத்தின்மேல் அறுகு மீண்டும் படரப் பல மழைகள் வேண்டியிருக்கலாம். ஆயினும் அந்த வட்டம் அன்றோடு வளர்வதை நிறுத்தியது.